முதல் கிலோ பிஸ்மத்: வாங்குவதிலிருந்து படிகம் எடுக்கும் வரை

படிகம் வளர்க்கலாம் என்று நான் முதன்முதலில் வாங்கிய பிஸ்மத் கட்டி, 140 டிகிரி செல்சியஸ் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே உருகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டேன். பிஸ்மத் உலோகத்தின் உருகுநிலை 271 டிகிரி என்பது அப்போது மனதில் பதிந்திருக்கவில்லை. வந்திருந்தது வெள்ளீயம் கலந்த கலவை. அதை ஏழெட்டு முறை உருக்கி, ஆறவைத்து, ஊற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தைதான் மிஞ்சியது. நான் செய்யும் முறைதான் சரியில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். முறையில் பெரிய குறை இல்லை, வாங்கிய பொருளில்தான் குறை.

அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். படிப்படியாக, வானவில் நிறத்தில் முதல் படிகம் உங்கள் கைக்கு வரும்வரை சொல்கிறேன். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதே பாதிக்கு மேல் இருப்பதால், கட்டுரையிலும் அதற்கே அதிக இடம் போகும்.

1. எந்த பிஸ்மத் என்று முதலில் தெளிவாகுங்கள்

பிஸ்மத் என்ற பெயரில் மூன்று வகையான பொருள்கள் விற்கின்றன. படிகத்துக்கு வேண்டியது முதல் வகை மட்டும்.

முதலாவது, தூய உலோகம். வெள்ளி போல இருக்கும், ஆனால் லேசாக ரோஜா நிறம் தட்டும். சுத்தியலால் தட்டினால் வளையாது, உடையும். உடைந்த முகத்தில் பளபளவென்று தட்டையான பரப்புகள் தெரியும்.

இரண்டாவது, தாழ்ந்த வெப்பத்தில் உருகும் கலவைகள். 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது 138 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத பற்றவைப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ரோஸ் உலோகம், வுட் உலோகம் என்று பெயர்கள் கண்ணில் பட்டால் கவனமாக இருங்கள். இரண்டிலும் பாதி பிஸ்மத்தான். ஆனால் ரோஸ் உலோகத்தில் காரீயமும் இருக்கிறது, வுட் உலோகத்தில் காரீயத்தோடு காட்மியமும் இருக்கிறது. வுட் உலோகம் 70 டிகிரி வெந்நீரிலேயே உருகும் என்பதால் வேடிக்கை காட்ட நன்றாக இருக்கும். தீ விபத்தில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்புகளில் இந்த வகைக் கலவைகளுக்கு உண்மையான வேலை உண்டு. வீட்டு மேஜையில் வைத்து விளையாட அது ஏற்றதல்ல. வெந்நீர் வித்தையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஃபீல்டு உலோகம் வாங்குங்கள். பிஸ்மத், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்த அது 62 டிகிரியில் உருகும், காரீயமோ காட்மியமோ கிடையாது. இண்டியத்தால் விலைதான் கூடும்.

மூன்றாவது, சேர்மங்கள். மஞ்சள் பொடியாக வரும் ஆக்சைடு, முத்துப் பளபளப்புக்காக ஒப்பனைப் பொருள்களில் சேர்க்கும் ஆக்சிகுளோரைடு, பெயிண்டில் பளிச்சென்ற மஞ்சள் தரும் வனடேட், வயிற்றுக் கோளாறுக்கான சப்சாலிசிலேட் எல்லாம் இதில் அடங்கும். இவற்றை உருக்கிப் படிகம் எடுக்க முடியாது. ஆக்சைடு உருகவே 817 டிகிரி வேண்டும். "பிஸ்மத் பொடி, மலிவு" என்று பார்த்தால் அது உலோகப் பொடியா ஆக்சைடா என்று கேட்டுவிடுங்கள். உலோகப் பொடியாகவே இருந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு துகளின் மேலும் ஆக்சைடு படிந்திருப்பதால் உருக்கும்போது கழிவுதான் அதிகம் வரும். கட்டியாகவோ சில்லுகளாகவோ வாங்குங்கள்.

2. தாள்கள்

ஒரு பொழுதுபோக்குக்கு இவ்வளவு தாள் எதற்கு என்று தோன்றலாம். என் இரண்டு மாதம் வீணானது ஒரு தாளைக் கேட்காததால்தான்.

பகுப்பாய்வுச் சான்று: மிக முக்கியமானது இதுதான். அதில் பிஸ்மத் 99.99 சதவீதம் என்று இருந்தால் போதும், 99.999 வரை போக வேண்டியதில்லை. சதவீதத்தோடு நின்றுவிடாமல் கீழே உள்ள வரிகளையும் படியுங்கள். காரீயம், வெள்ளி, செம்பு, ஆர்செனிக், ஆண்டிமனி ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பிஸ்மத் பெரும்பாலும் காரீயம், செம்பு, டங்ஸ்டன் எடுக்கும் ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கிறது. அதனால் இவை ஒட்டிக்கொண்டு வருவது இயல்பு. சான்றில் உள்ள தொகுதி எண்ணும் பொட்டலத்தின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் பழைய சான்று ஒன்றையே அனுப்பும் விற்பனையாளர்கள் உண்டு.

பாதுகாப்புத் தகவல் தாள்: இதில் கலவைக்கான பகுதியை மட்டும் முதலில் பாருங்கள். அங்கே வெள்ளீயமோ காரீயமோ காட்மியமோ சதவீதத்தோடு இருந்தால், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அது கலவைதான்.

விலைப்பட்டியல்: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இதில் சுங்க வகைப்பாட்டு எண் இருக்க வேண்டும். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் எச்.எஸ். பட்டியலில் பிஸ்மத்துக்கு 8106. அதிலும் 2022 முதல் 99.99 சதவீதத்துக்கு மேற்பட்டதற்கு 8106.10, மற்றவற்றுக்கு 8106.90 என்று பிரித்திருக்கிறார்கள். விற்பவர் "அலங்காரக் கல்", "நகை" என்று எழுதி அனுப்பினால் வரி விகிதமே மாறலாம், பொட்டலம் விசாரணையில் மாட்டலாம். பணம் கட்டுவதற்கு முன்பே, "உலோகம் என்று எழுதி, 8106 குறிப்பிட்டு அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. செலவு

பிஸ்மத் விலையைப் பற்றிப் பழைய கட்டுரைகளில் படித்ததை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2025 பிப்ரவரியில் சீனா பிஸ்மத் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உலகில் மிக அதிகமாக இதைச் சுத்திகரிப்பது அந்த நாடுதான் என்பதால், சீனாவுக்கு வெளியே விலை சில வாரங்களிலேயே பல மடங்கு ஏறியது. வாங்கும் வாரத்தில் மூன்று இடங்களிலாவது கிலோ விலையை விசாரியுங்கள். விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் பொட்டலம் சின்னது, எடை பெரியது.

எவ்வளவு வாங்குவது? புதியவர்கள் செய்யும் முதல் கஞ்சத்தனம் இங்கேதான். 250 கிராம் கையில் கனமாகத்தான் இருக்கும். உருக்கினால் அது வெறும் 25 மில்லி. பாத்திரத்தின் அடியை மூடவே போதாது, அப்புறம் படிகம் வளர ஆழம் எங்கே இருக்கிறது? ஒரு கிலோ உருகினால் சுமார் 100 மில்லி வரும். அதற்குக் குறைந்து ஆரம்பிக்காதீர்கள். இரண்டு கிலோ வாங்க முடிந்தால் படிகத்தின் அளவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இந்தச் செலவு ஒரே முறைதான். சரியாக வராத படிகம், ஊற்றிய மிச்சம் எல்லாமே மறுபடி பாத்திரத்துக்குள் போகும். நான் அதே ஒன்றரைக் கிலோவைத்தான் இன்னும் உருக்கிக்கொண்டிருக்கிறேன்.

உலோகத்துக்கு அடுத்து, முகம் முழுவதையும் மறைக்கும் கவசத்துக்கும் தோல் கையுறைக்கும் பணம் ஒதுக்குங்கள். வெப்பமானி அதற்கு அப்புறம்.

4. வந்த கட்டியைச் சோதியுங்கள்

சான்று சரியாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

கட்டியை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு, மில்லி கணக்கில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

பிஸ்மத்தின் அடர்த்தி 9.78. அதாவது 300 கிராம் கட்டிக்குத் தராசு 31 கிராம் அளவில் காட்ட வேண்டும். காரீயமாக இருந்தால் 26, மேலே சொன்ன வெள்ளீயக் கலவையாக இருந்தால் 35, வெறும் வெள்ளீயமாக இருந்தால் 41 வரும். கட்டிக்குள் காற்றுக்குழி இருந்தால் கணக்கு கொஞ்சம் தப்பும், அதனால் இரண்டு மூன்று துண்டுகளில் செய்து பாருங்கள்.

சோதனை முடிந்ததும் கட்டிகளை நன்றாகத் துடைத்து, ஒரு நாள் உலரவிடுங்கள். ஏன் என்று 6-இல் சொல்கிறேன்.

இன்னொரு சோதனை கண்ணுக்கு விருந்து. சின்னத் துண்டு ஒன்றை மெல்லிய நூலில் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் வலுவான நியோடிமியம் காந்தத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள். துண்டு காந்தத்தை விட்டு விலகும். காந்தத்தை விலக்கும் குணம் உலோகங்களிலேயே பிஸ்மத்துக்குத்தான் மிக அதிகம். நான் எத்தனையோ முறை செய்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை.

5. பாத்திரமும் இடமும்

எவர்சில்வர் பாத்திரம் இரண்டு வேண்டும், ஒன்று உருக்க, ஒன்று ஊற்ற. உருக்கும் பாத்திரம் குறுகலாகவும் ஆழமாகவும், ஊற்றுவதற்கு வசதியான மூக்கோடும் இருக்கட்டும். ஊற்றி வைப்பதற்கு, வாய் அகன்று சரிந்த பக்கங்கள் உள்ள கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்மத் தண்ணீரைப் போல உறையும்போது விரியும் உலோகம், 3 சதவீதத்துக்குச் சற்று மேல். செங்குத்தான சுவருள்ள பாத்திரத்தில் உறைந்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியிலோ பீங்கானிலோ உறையவிட்டால் அவை விரிசல் விடலாம்.

வேண்டாத பாத்திரங்கள் இவை:

ஈயம் பூசிய பாத்திரமும் உணவு வந்த தகர டின்னும். இரண்டிலும் பூச்சு வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகி உங்கள் தூய பிஸ்மத்தில் கலந்துவிடும். அதற்கப்புறம் அந்த உலோகத்தில் நல்ல படிகம் எதிர்பார்க்க முடியாது. டின்னில் உருக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

துத்தநாகம் பூசியது. பூச்சு உலோகத்தில் கரையும்.

ஒட்டாத பூச்சு உள்ள வாணலி. நமக்கு வேண்டிய வெப்பத்தில் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப்புகை விடும்.

கைப்பிடியைப் பற்றவைத்து ஒட்டிய பாத்திரமும் வேண்டாம். எந்தப் பாத்திரமானாலும் இதற்கு எடுத்தால் இதற்கு மட்டும்தான், மறுபடி சமையலுக்குக் கூடாது.

"மருந்தாகவே சாப்பிடுகிறார்களே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பார்கள். கன உலோகங்களில் பிஸ்மத் மிகவும் சாது என்பது உண்மைதான். காரீயத்துக்குப் பதிலாகத் தூண்டில் எடையிலும் வேட்டைக் குண்டிலும் இதைப் போடுவது அதனால்தான். ஆனால் அளவில்லாமல் போனால் இதுவும் கெடுதல். 1970களில் பிரான்ஸில் பிஸ்மத் உப்புகளை நீண்ட காலம் சாப்பிட்டுவந்த பலருக்கு மூளை பாதிப்பே வந்தது. வயிற்றுக்கான சப்சாலிசிலேட் மருந்தும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், காய்ச்சலோ அம்மையோ கண்ட பிள்ளைகளுக்கும் கூடாது. அதைச் சாப்பிட்டபின் நாக்கும் மலமும் கறுப்பாவது மட்டும் பயப்படும் விஷயமல்ல. வாயிலும் குடலிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து பிஸ்மத் சல்ஃபைடு உண்டாவதால் வரும் நிறம் அது, மருந்தை நிறுத்தினால் போய்விடும்.

உருக்கும்போது உண்மையான ஆபத்து நஞ்சல்ல, சூடுதான். நீண்ட கை வைத்த பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, தோல் கையுறை, முகக்கவசம் நான்கும் இல்லாமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பிள்ளைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வராத இடமாக இருக்கட்டும். அடுப்பைச் சுற்றி, உலர்ந்த மணல் பரப்பிய இரும்புத் தட்டு வையுங்கள். உருகிய உலோகம் நேரடியாக சிமென்ட் தரையில் சிந்தினால், தரைக்குள் உள்ள ஈரம் ஆவியாகிச் சில்லுகள் தெறிக்கும்.

6. உருக்குதல்

ஒரு கிலோவை உருக்க எனக்குச் சாதாரண எரிவாயு அடுப்பில் 15 முதல் 20 நிமிடம் ஆகிறது. தூண்டல் அடுப்புகள் பல, சூடு மிஞ்சியதும் தானாக அணைந்துவிடும், அதனால் எனக்குச் சரிப்படவில்லை.

ஈரம்தான் இங்கே எதிரி. உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை மேலே வீசிவிடும். கட்டி, பாத்திரம், கிளறும் கரண்டி எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். உருகிக்கொண்டிருக்கும்போது புதிதாகக் கட்டி சேர்ப்பதென்றால், அதை முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் காட்டிச் சூடேற்றிவிட்டு இறக்குங்கள்.

எல்லாம் உருகியபின் 300, 320 டிகிரி வரை போனால் போதும். துப்பாக்கி போலப் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி இன்னும் இன்னும் சூடேற்றுவதும் ஒரு பொதுவான தவறு. கம்பி முனை கொண்ட வெப்ப இரட்டை (தெர்மோகப்பிள்) வகை மானியை உள்ளே விட்டுப் பாருங்கள்.

மேலே பாலாடை போல ஒரு ஏடு படியும், அதுதான் ஆக்சைடு. எவர்சில்வர் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எடுத்துவிடுங்கள். எடுக்க எடுக்கப் புது ஏடு வந்துகொண்டே இருக்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஊற்றுவதற்கு முன் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும்.

7. ஆறவிடுவதும் ஊற்றுவதும்

படிகம் பெரிதாவதும் சிறிதாவதும் இந்தக் கட்டத்தில்தான். மெதுவாக ஆறினால் பெரிய படிகம், வேகமாக ஆறினால் பொடிப்பொடியான படிகம். அதனால் அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தை வெறும் தரையில் வைக்காதீர்கள். முன்பே சூடாக்கி வைத்த தீச்செங்கல் மேலோ, சூடான உலர்ந்த மணலில் பாதி புதையும்படியோ வையுங்கள். காற்று வீசக் கூடாது. மேலே ஒரு தகட்டை மூடிவைத்து, அவ்வப்போது திறந்து பாருங்கள்.

திடமான பிஸ்மத் உருகிய பிஸ்மத்தைவிட லேசானது, பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பது போல. அதனால் சுவரோரமும் மேற்பரப்பிலும் முதலில் உறையும். ஓரத்தில் சதுரம் சதுரமாகக் கோடுகள் தெரிய ஆரம்பித்தால் மனது துள்ளும், உடனே ஊற்றிவிடத் தோன்றும். பொறுங்கள். பாத்திரத்தைக் கரண்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். முழுப் பரப்பும் அலையாடினால் இன்னும் நேரம் வரவில்லை. நடுப்பகுதி மட்டும் அலையாடினால் அதுதான் நேரம். எனக்கு ஒரு கிலோவுக்கு அடுப்பை அணைத்ததிலிருந்து 10 முதல் 15 நிமிடம் ஆகிறது. உங்கள் பாத்திரத்துக்கு வேறாக இருக்கும், முதல் நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் போல உதவியது எனக்கு வேறெதுவும் இல்லை.

மேலே முழுதும் ஏடுகட்டி மூடிவிட்டால், ஊற்றும் மூக்குப் பக்கம் கம்பியால் ஒரு வழி செய்துகொள்ளுங்கள். அப்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே உறையும் உலோகம் விரிந்து, மேல் ஓட்டைப் பிளந்துகொண்டு குமிழாகத் தள்ளும்.

ஊற்றும் கிண்ணமும் சூடாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். ஒரே சீராக, நிறுத்தாமல் சாய்த்து ஊற்றி, கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள். தயங்கித் தயங்கி ஊற்றினால் படிகங்களின் படிக்கட்டுகளில் உலோகம் தங்கி வழவழவென்று மூடிவிடும். இப்போது பாத்திரத்துக்குள் பார்த்தால் சுவரெல்லாம் கோபுரம் கோபுரமாக அடுக்கடுக்கான சதுரப் படிகள் தெரியும். படிகத்தின் விளிம்புகள் முகங்களைவிட வேகமாக வளர்வதால் நடு பள்ளமாகி, படிக்கட்டு உருவாகிறது.

8. நிறம்

நிறம் சாயமல்ல. சூடான படிகத்தைக் காற்று தொட்டதும் மெல்லிய ஆக்சைடுப் படலம் வளர்கிறது. அதன் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து நிறமாகத் தெரிகிறது, சோப்புக் குமிழில் தெரிவது போல. படலம் மெல்லியதாக இருந்தால் மஞ்சள், தடித்தால் ஊதா, அப்புறம் நீலம், இன்னும் தடித்தால் மறுபடி வேறு நிறங்கள், பச்சை உட்பட. பொன்னிறம் பிடிக்குமென்றால் ஊற்றியதும் சீக்கிரம் ஆறவிடுங்கள். நீலம் வேண்டுமென்றால் சூடான செங்கல்லின் மேலேயே விட்டுவிடுங்கள். தண்ணீரில் மட்டும் முக்க வேண்டாம்.

வெறும் வெள்ளி நிறமாகவே நின்றுவிட்டால், ஊற்றும்போது உலோகம் ஆறியிருந்தது என்று பொருள், அல்லது உலோகத்தில் கலப்படம். முதலாவது என்றால் மறுபடி உருக்கலாம். இரண்டாவது என்றால் 2-ஆம் படிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

9. எடுத்தபின்

முழுதும் ஆற ஒரு மணி நேரம் கொடுங்கள். பாத்திரத்தை வெளியிலிருந்து தட்டினால் படிகக் கொத்து கழன்று வரும். வராவிட்டால் நெம்ப வேண்டாம், உடைந்துபோகும். வெளிச்சுவரைச் சில நொடி சூடேற்றினால் பிடி விடும். பிஸ்மத் ஏறக்குறைய கை நகம் அளவுக்கே கெட்டியானது, அவ்வளவுதான். மோதிரமாகச் செய்ய நினைக்காதீர்கள், உரசலில் நிறம் போய்விடும். காட்சிக்கு வைப்பதென்றால் நிறமற்ற அரக்குப் பூச்சு ஒரு மெல்லிய படை போதும்.

ஒதுக்கிய ஏட்டை ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்துவையுங்கள், சாக்கடையில் கொட்டக் கூடாது. அதற்குள் நல்ல உலோகமும் சிக்கியிருக்கும். நிறைய சேர்ந்ததும் தனியாக உருக்கிப் பிரித்துக்கொள்ளலாம். மிஞ்சிய கட்டியின் மேல் தொகுதி எண்ணையும் "தூயது" என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வெள்ளீயக் கலவை ஏதாவது வீட்டில் இருந்தால் அதை வேறு அலமாரியில் வையுங்கள், இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.